கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் பயிற்சி

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முறைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே நீ உடம்பாலும் மனசாலும் எப்படி இருக்கிறாய் என்பதை ஒளிக்காமல் எழுது. குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, காதை மூடாமல் வெளியே போகாதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இதைச் சொல்ல ஆரம்பித்தால் அப்பா பக்கத்தில் நின்று போதும் போதும் என்று கையாட்டுவார், நான் அவரோடு சண்டைக்குப் போவேன், நீ "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய். அவர் இப்போது முழங்காலைக் காட்ட டாக்டரிடம் போயிருக்கிறார், அங்கே கூட்டம் எப்போதும் அதிகம், அவர் திரும்பி வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும் என்று சமையலறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். பயப்படாதே, நல்ல செய்திதான். நீ போனபிறகு இந்த வீட்டுக்கு வந்த செய்திகளிலேயே எனக்கு இதுதான் நல்ல செய்தி. உன் பேராசிரியன் வசமாக மாட்டிக்கொண்டான்.

அவர் என்று எழுதச் சொல்லி நீ பதில் போடுவாய் என்று தெரியும். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை. உன் ஆய்வைப் படிக்கிறேன் படிக்கிறேன் என்று வருஷக்கணக்காக இழுத்தடித்து, கடைசியில் கருத்தரங்கில் அத்தனை பேர் முன்னாலும் உன்னை அவமானப்படுத்தி, பாதியில் படிப்பை விட்டுவிட்டு நீ கண்காணாத ஊரில் போய் ஒரு பரிசோதனைக் கூடத்தில் மற்றவர்கள் தரும் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருக்கும்படி செய்தவனுக்கு மரியாதை விகுதி போட என் கை வராது. அவன் என்றுதான் எழுதுவேன், இந்தக் கடிதம் முடியும்வரைக்கும் அவன்தான். நான் அரசு மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு உன் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்கு நர்ஸாக வந்தபோது ஏன் இந்த மாற்றம் என்று கேட்டாய், வீட்டிலிருந்து நடந்தே போகலாம், இரவு வேலை கிடையாது என்றேன். அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. அவன் நடமாடுகிற இடத்தில் நானும் நடமாட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. பக்கத்தில் இருந்தால் என்றைக்காவது கைக்கு எட்டும் என்று நினைத்தேன். அப்பாவுக்குக்கூட இதைச் சொன்னதில்லை, சொன்னால் ஏதோ விஷ ஊசியோடு திரிகிறேன் என்று பயந்துவிடுவார்.

என் மையத்தில் எப்படி என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். காய்ச்சல், சுளுக்கு என்று வருகிறவர்கள் குறைவு. படபடப்பு, தூக்கம் வரவில்லை, சாப்பிட்டது நிற்கவில்லை, கை நடுங்குகிறது என்று வருகிறவர்கள்தான் அதிகம். தேர்வு நெருங்கினால் பெஞ்சு போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று மேலிடத்தில் கூடிப் பேசி, மனக்கவனப் பயிற்சி, மைண்ட்ஃபுல்னஸ் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வாரம் ஒருநாள் மாலை, பெரிய கூடத்தில். அதை யார் நடத்துகிறார் என்று நோட்டீஸில் பார்த்தபோது எனக்குக் காது அடைத்துப்போனது. அவன்தான். எங்கேயோ போய் சில மாதம் தங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தானாம். மீசையை எடுத்துவிட்டான். தொளதொள சட்டை. குரலை யாரோ எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. உங்கள் காலத்தில் விடைத்தாள்களைக் கீறித் தள்ளுவதற்காக அவனைச் சிவப்பு மை என்று சொல்வீர்களே, இப்போது பிள்ளைகள் மூச்சு வாத்தியார் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அழுத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அத்தனை பேர் கூடிப் பேசியிருக்க வேண்டாம், என்னைக் கேட்டிருந்தால் அவன் அறைக்கதவைக் காட்டியிருப்பேன்.

பயிற்சிக்கு முன்னாலும் பின்னாலும் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பயிற்சியால் பலன் இருக்கிறது என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டும் அல்லவா. அவனுக்கும் பார்க்க வேண்டும், நடத்துகிறவரும் ஒரு பங்கேற்பாளர்தான் என்று அவனே சொல்லிக் கையை நீட்டினான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், உன்னைச் சேர்க்க வந்ததும் அப்பா, பிறகு பதிவாளரிடம் புகார் கொடுக்கப் போனதும் அப்பா. முதல் வாரம் அவன் கையில் பட்டையைச் சுற்றி, தேவைக்கு மேலேயே கொஞ்சம் காற்றடித்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு "ரொம்ப இறுக்குதே சிஸ்டர்" என்றான். "மூச்சைக் கவனிங்க சார், சரியாயிடும்" என்றேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள், அவனும் பெருந்தன்மையாகச் சிரித்தான். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் செய்தேன். சின்னப் புத்தி என்று நீ சொல்லலாம். சின்னப் புத்திதான், அந்த ராத்திரிகளில் நன்றாகத் தூங்கினேன்.

பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன், அது வேறு, இவன் வேறு. முதலில் எல்லோர் கையிலும் ஆளுக்கு ஓர் உலர்ந்த திராட்சையைக் கொடுத்தான். அதைப் பார்க்க வேண்டுமாம், முகர வேண்டுமாம், விரலில் உருட்ட வேண்டுமாம், அப்புறம் நாக்கில் வைத்துக் காத்திருக்க வேண்டுமாம். நான் மருத்துவமனையில் நின்றுகொண்டே விழுங்கிப் பழகியவள், அவன் முகர்ந்து பாருங்கள் என்னும்போதே என்னுடையது வயிற்றுக்குள் போய்விட்டது. அடுத்த வாரம் பாய் விரித்துப் படுக்க வைத்து, கால் கட்டைவிரலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் ஒவ்வோர் இடமாக மனசைக் கொண்டுபோகச் சொன்னான். முழங்கால் வருவதற்குள் பாதிப் பேர் குறட்டை விட்டார்கள். ஆனால் குட்டிம்மா, உண்மையைச் சொல்ல வேண்டும், கை நடுங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் சிலர் அங்கே முதல் முறையாகத் தோளைத் தளர்த்தியதைப் பார்த்தேன். திரும்பப் போகும்போது அழுத்தம் கீழே இறங்கித்தான் இருந்தது. எண்ணங்கள் வரும், போகும், துரத்தவும் வேண்டாம் பிடித்து வைக்கவும் வேண்டாம், வெறுமனே பாருங்கள் என்று அவன் சொல்வான். நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு வந்த எண்ணம் போகிற வழியாக இல்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. அவன் குரல் ஓட ஓட எனக்கு உன் முகம்தான் வந்தது. அந்தக் கருத்தரங்கிலிருந்து நீ வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாயே, அந்த முகம்.

நெட்டை என்று ஒரு பெண் என்னிடம் வருவாள். அவ்வளவு உயரம், நம் வீட்டு வாசலில் குனிந்துதான் வர வேண்டியிருக்கும். அவனிடம்தான் ஆய்வு செய்கிறாள். எழுதிக் கொடுத்ததெல்லாம் அவன் அலமாரியில் தூங்குகிறது, வாசிக்கவும் மாட்டான், திருப்பித் தரவும் மாட்டான், கேட்டால் எரிந்து விழுவான். படபடப்பு என்று என்னிடம் வந்து உட்கார்ந்தால் அவள் உள்ளங்கை வியர்த்து மேஜையில் ஈரம் பதியும். உனக்கு அப்படித்தானே இருக்கும், பேனா வழுக்குகிறது என்பாயே. ஒருநாள் வந்து அழுதாள். சார் என் அத்தியாயத்தைக் கொஞ்சம் பாருங்கள் என்று கேட்டதற்கு, அந்தப் புது எண்ணெய்க் குரலில், "உன் பிரச்சனை என் அலமாரியில இல்லம்மா, உன் மூச்சுல இருக்கு. ஒழுங்கா பயிற்சிக்கு வா" என்றானாம். முன்பு கத்துவான், கத்தினால் கோபமாவது படலாம். இப்போது நோகடித்துவிட்டு நோயும் உன்னுடையதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த டம்ளரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். உன்னை நான் காப்பாற்ற முடியவில்லை, இவளையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் நான் எதற்கு இந்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே கேவலமாக இருந்தது.

போன வாரத்துக்கு முந்தின வாரம் கவனித்துக் கேட்டல் என்று ஒரு பயிற்சி. இருவர் இருவராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் தன் மனசை அழுத்துகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் பதில் சொல்லக் கூடாது, தலையாட்டக் கூடாது, சமாதானம் சொல்லக் கூடாது, தன் பக்கத்து நியாயத்தை எடுத்துவிடக் கூடாது. சொல்லி முடித்ததும், நான் கேட்டது இது என்று ஆரம்பித்து, சொன்னவரின் வார்த்தைகளிலேயே அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். விட்டுப்போனால் சொன்னவர், இன்னும் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தலாம். குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. இதை அவன் விளக்கிவிட்டு, இதுதான் இந்தப் பயிற்சியிலேயே கடினமானது, நானே முதலில் செய்து காட்டுகிறேன், யாராவது முன்னால் வந்து என்னிடம் சொல்லுங்கள் என்று கூடத்தின் நடுவில் இரண்டு நாற்காலியைப் போட்டான். யார் வருவார்கள்? பாதிப் பேர் அவன் கையெழுத்துக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நெட்டை தன் நெடுங்காலை மடக்கிக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். எனக்கு எப்படி அந்தத் துணிவு வந்தது என்று கேட்காதே, பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டுப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "பாருங்க, சிஸ்டருக்கு இருக்கிற தைரியம் உங்களுக்கு இல்ல" என்று அவன் பிள்ளைகளைக் கேலி செய்தான். மைக்கைத் தன் சட்டையில் மாட்டிக்கொண்டு, கையை மடியில் வைத்து, கனிந்த முகத்தோடு என்னைப் பார்த்தான்.

நான் ஆத்திரப்படவில்லை. நோயாளியின் உறவினரிடம் விஷயம் சொல்கிற குரலில்தான் சொன்னேன். எனக்கு ஒரே மகள். குளத்துத் தண்ணீரில் படிகிற பாசிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அதில் பைத்தியம், வீட்டில் தண்ணீர் ஊற்றி வைத்த பாட்டில்களில் பச்சை பிடித்தால் கழுவ விடமாட்டாள், என்னிடம் அடி வாங்கியும் விடமாட்டாள் என்று சொன்னேன். பாசி என்ற வார்த்தை விழுந்ததும் அவன் கண் இமை ஒருமுறை துடித்தது. அப்போதுதான் எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி வந்தது குட்டிம்மா, பிடிபட்டான் என்று. தொடர்ந்தேன். அவள் எழுதியதை அவளுடைய வழிகாட்டி வருஷக்கணக்கில் வாசிக்கவில்லை. கருத்தரங்கில் அவள் எழுந்து பேச ஆரம்பித்ததும், நிறுத்தச் சொல்லிவிட்டு, "இதை வாசிச்சதுல எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். உனக்கெல்லாம் எதுக்கும்மா ஆராய்ச்சி? கழுவாத பாத்திரத்துல பாசி பிடிக்கும்னு உங்க வீட்டுல எல்லாருக்குமே தெரியுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு என் மகள் மாதக்கணக்கில் தூங்கவில்லை. ஒருநாள் படிப்பை விட்டுவிட்டேன் என்றாள், தூர தேசத்துக்குப் போய்விட்டாள், இதுவரை வீட்டுக்கு வரவில்லை, கேட்டால் லீவு இல்லை என்கிறாள். அவள் அப்பா புகார் கொடுத்தபோது, அப்படி எதுவும் நடந்ததாகத் தனக்கு ஞாபகமே இல்லை என்று அந்த வழிகாட்டி சொல்லிவிட்டார். என் மனசை அழுத்துவது இதுதான், இப்போது நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். பெயர் சொல்லவில்லை, துறை சொல்லவில்லை.

எழுந்து போயிருக்கலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் போட்ட விதி, அவனே செய்து காட்டுவதாகச் சொன்ன பயிற்சி, அத்தனை பிள்ளைகள் பார்க்கிறார்கள், அவனுடைய மானம் அதில் இருந்தது. நான் கேட்டது இது என்று ஆரம்பித்தான். முதலில் சுருக்கப் பார்த்தான். உங்கள் மகளுக்குப் படிப்பில் ஒரு கசப்பான அனுபவம் என்றான். இன்னும் இருக்கிறது என்றேன். அவள் ஆசிரியர் கொஞ்சம் கடுமையாகப் பேசினார் என்றான். என்ன பேசினார், இன்னும் இருக்கிறது என்றேன். மூன்றாவது தடவை அவனுக்கு வழி இல்லை. உனக்கெல்லாம் எதுக்கும்மா ஆராய்ச்சி என்று அவன் வாயாலேயே, மைக்கில், அவன் சொன்னதை அவனே சொன்னான். தலைவலியைச் சொன்னான், கழுவாத பாத்திரத்தைச் சொன்னான். அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன் போலிருக்கிறது. ஒவ்வொரு வார்த்தையும் வெளியே வர அவன் பட்ட பாட்டைத் திராட்சையை ருசிப்பதுபோல நிதானமாக ருசித்தேன், அவன் சொல்லிக் கொடுத்தபடியே. அத்தோடு அவன் நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் ஆரம்பித்த நினைப்பு அவனை விடவில்லை போல, கண் என்னைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. "சொல்லிட்டு அந்தத் தாள்கட்டைத் தூக்கிக் குப்பைக் கூடையில போட்டார். அந்தப் பொண்ணு மண்டி போட்டு ஒவ்வொரு தாளா பொறுக்கி எடுத்துச்சு. அப்பவும் எல்லாரும் சிரிச்சிட்டிருந்தாங்க" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து நெட்டை எழுந்து நின்று, "சார், குப்பைக் கூடையைப் பத்தி சிஸ்டர் ஒண்ணும் சொல்லலையே" என்றாள். விதி அவளுக்கு மனப்பாடம், கூட்டக் கூடாது அல்லவா.

அப்போதுதான் பிள்ளைகள் ஒவ்வொருவராக நிமிர்ந்து அவனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சிரிப்போ கூச்சலோ எதுவும் இல்லை, வெறுமனே பார்த்தார்கள், அவன் பழக்கிய பார்வைதான். பயிற்சி முடிந்தது என்று அவன் சொல்லவே இல்லை. நான்தான் எழுந்து, வழக்கம்போல அழுத்தம் பார்க்க வேண்டும் சார் என்று பட்டையை எடுத்தேன். கையை நீட்டினான், சின்னப் பிள்ளை மாதிரி. கட்டினேன், இந்த முறை அதிகமாக இறுக்கவில்லை, அவசியமே இருக்கவில்லை. எவ்வளவு இருந்தது என்று சொல்ல மாட்டேன், அது என் தொழிலுக்கு ஆகாது. பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது என்று மட்டும் சொல்வேன். கொஞ்சம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று நர்ஸ் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பிறகு தாய் சொல்ல வேண்டியதையும் அவன் காதோரம் சொன்னேன். நான் அந்தப் பாசிக்காரியின் அம்மா என்றேன்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பயிற்சியை வேறொரு அம்மாள் நடத்துகிறார், பக்கத்துக் கல்லூரியிலிருந்து வருகிறார், பிள்ளைகள் கூட்டம் குறையவில்லை. நெட்டையும் இன்னும் சிலரும் சேர்ந்து பதிவாளரிடம் போனார்கள். ஞாபகமே இல்லை என்று எழுதிக் கொடுத்தவருக்கு இவ்வளவு நன்றாக ஞாபகம் இருக்கிறதே என்று கேட்டார்களாம். நெட்டைக்கு வழிகாட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அவள் தாள்கள் அலமாரியை விட்டு வெளியே வந்துவிட்டன. அப்பாவின் பழைய புகாரையும் தூசி தட்டப் போவதாகச் சொல்கிறார்கள், தட்டினால்தான் நம்புவேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மனுஷனை இப்படியா முச்சந்தியில் நிறுத்துவது என்றார். நம் மகளை நிறுத்தியபோது அவனுக்கு யார் இதைச் சொன்னார்கள் என்று கேட்டேன். அன்று அவரே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார், முழங்கால் வலியோடு. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை குட்டிம்மா? வார்த்தைகளைச் சொன்னாய், சிரித்ததைச் சொன்னாய். கூடையைச் சொல்லவில்லை, மண்டி போட்டதைச் சொல்லவில்லை. அன்று உன் தாள்களில் டீக்கறை இருந்தது, என்ன இது என்று கேட்டேன், பஸ்ஸில் யாரோ கொட்டிவிட்டார்கள் என்றாய். நானும் நம்பி, ஈரத்துணியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டேன். அந்தக் கூடையில் அடுத்தவர்கள் குடித்துவிட்டு எறிந்த டீ அது. உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதது, உன்னை மண்டி போட வைத்தவனுக்கு இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. அவனைப் பிடித்துவிட்டேன் என்று கொண்டாடிக்கொண்டிருந்த அதே நிமிஷத்தில் எனக்குக் கிடைத்தது இது. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்று. நான் தாங்க மாட்டேன் என்று நினைத்து மறைத்தாயோ, சொன்னால் நான் போய் ஏதாவது செய்துவிடுவேன் என்று பயந்து மறைத்தாயோ. இரண்டாவது என்றால் நீ என்னைச் சரியாகத்தான் புரிந்துவைத்திருக்கிறாய். ஆனால் இனிமேல் எதையும் தனியாகச் சுமக்காதே. எனக்கு இரத்த அழுத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன்.

முந்தாநாள் அவன் மையத்துக்கு வந்தான். வெளியே பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தன் முறை வரும்வரைக்கும் உட்கார்ந்திருந்தான், நானும் அவசரப்படவில்லை. உள்ளே வந்து, உங்கள் மகளுடைய நம்பரைக் கொடுங்கள், ஒரு தடவை பேசி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், மனசு பாரமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்றான். எண்ணெய்க் குரல் போய்விட்டிருந்தது. நான் கொடுக்கவில்லை. "நீங்க அவமானப்படுத்தினது அத்தனை பேர் முன்னால. மன்னிப்பு மட்டும் அவ காதுல ரகசியமாவா? அதே கூடத்துல, அதே மாதிரி ஆட்களைக் கூட்டி வச்சு, அவ நேர்ல வந்து உக்காந்திருக்கும்போது கேளுங்க. உங்க தூக்கத்துக்கு மாத்திரை வேணும்னா டாக்டர் மூணாவது அறையில இருக்கார்" என்றேன். யோசிக்கிறேன் என்று போயிருக்கிறான். யோசிக்கட்டும். நீ மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், மன்னிக்காதே என்றும் சொல்லமாட்டேன், அது உன் சொத்து. நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை, அது என் சொத்து.

அப்பா வரும் சத்தம் கேட்கிறது, படியேறும்போது ஒவ்வொரு படியையும் திட்டுவார். முடிக்கிறேன். நீ என்றும் நோயில்லாமல், பயமில்லாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அந்தச் செய்தி அவன் காதுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று வாழ்த்துகிறேன். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும், டீ குடித்துவிட்டுப் போடாதே. இன்னொன்று. லீவு கேட்டு இந்தத் தடவை உண்மையாகவே எழுதிக் கொடு. நீ வந்ததும் ஒரு மாலை உன்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன், நூலகம் வழியாக, உன் துறை வழியாக, அவன் அறை வாசல் வழியாக, வழியின் நடுவிலேயே நடப்போம். எதிரே அவன் வந்தால் நீ ஒதுங்காதே. ஒதுங்க வேண்டியது அவன்.

என்றும் உன் பக்கம் நிற்கும்
அம்மா